ஏழாவது கோட்டின் நிழல்

மலைக்கு மேலே நத்தையாற்றை மறித்து, சுரங்கம் குடைந்து, தண்ணீரை அந்தப் பக்கத்துச் சரிவுக்குத் திருப்பிவிட்ட அன்று எங்கள் வாய்க்காலில் முறை என் அம்மா அங்கம்மாளுடையது. அந்த முறை மூன்று வருடமாகியும் முடியாமல் இருந்தது.

புங்கமடையில் தண்ணீரைக் கடிகாரம் வைத்துப் பங்கிடுவதில்லை. வாய்க்கால் வடகிளை, தென்கிளை என்று பிரிகிற இடத்தில் ஒரு தட்டைப் பாறை இருக்கிறது, அதன் நடுவில் முழங்கை உயரத்துக்கு ஒரு கல் நட்டிருக்கிறது, பாறையில் ஒன்பது கோடு செதுக்கியிருக்கிறது, கல்லின் நிழல் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போகிற நேரம் ஒரு வீட்டின் முறை. முறைக்காரர் ஊர்ப்பொது மம்பட்டியைக் கையில் வாங்கி, மடையில் இறங்கி, மண்ணை வெட்டிப் போட்டு ஒரு கிளையை அடைத்து, தன் வயல் இருக்கிற கிளையைத் திறந்துவிட்டு, அடுத்தவர் வரும்வரை நிற்க வேண்டும். வந்தவர் "என் முறை" என்று கையை நீட்டுவார், நிற்பவர் "உங்க தண்ணி" என்று மம்பட்டியைக் கொடுப்பார், அத்துடன் முறை முடிந்தது. கொடுக்காதவரை முடியவில்லை. மம்பட்டியைத் தரையில் போட்டால் முறை செத்துப்போகும், அந்த வீட்டுக்கு அதற்கப்புறம் வாய்க்காலில் பங்கே கிடையாது. ஒரே வீட்டுக்குள் கை மாற்றவும் கூடாது. எப்போதோ அண்ணன் தம்பி இரண்டு பேர் மாற்றி மாற்றி நின்று பொழுதை நீட்டப் பார்த்தார்கள் என்று அப்படி ஒரு கட்டுப்பாடு.

அன்று நிழல் ஏழாவது கோட்டைத் தொட்டபோது, அம்மாவுக்கு அடுத்த முறைக்காரரான சன்னாசி மாமா வரவில்லை. ஆற்றைத் திருப்பிவிட்டார்கள் என்ற செய்தி மூன்றரை மணிக்கே ஊருக்குள் வந்துவிட்டது, இனி இங்கே என்ன இருக்கிறது என்று அவர் ஒரு பையில் இரண்டு வேட்டியைத் திணித்துக்கொண்டு நாலு மணி பஸ்ஸில் திருப்பூரில் இருக்கிற மகனிடம் போய்விட்டார். அம்மாவுக்கு அது தெரியாது. அவள் மம்பட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிழலும் நின்றது.

ஊரில் மற்ற எல்லா இடத்திலும் சாயங்காலம் வந்து, விளக்கு போட்டு, மறுநாள் விடிந்து, கோழி கூவியது. நிழல்பாறையிலும் வடகிளையில் இருக்கிற எங்கள் ஒன்றேகால் ஏக்கரிலும் மட்டும் நாலு மணி வெயில் அப்படியே கிடந்தது. ஆறு காய்ந்து மணல் தெரிந்தது, வாய்க்காலின் தலைப்பில் நண்டு வளைகள் வெடித்துக் கிடந்தன, ஆனால் மடைக்கு நூறு அடி மேலே ஒரு புங்கமரத்து வேரின் பக்கத்தில் வெறும் மண்ணிலிருந்து தண்ணீர் ஆரம்பித்து, அன்றைக்கு எவ்வளவு வந்துகொண்டிருந்ததோ அவ்வளவே வந்துகொண்டிருந்தது. முறை முடியாமல் தண்ணீர் எப்படி நிற்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதற்குமேல் யாரும் காரணம் கேட்கவில்லை.

முதல் வாரம் அம்மாவைப் பார்க்க வந்தவர்கள் இரண்டாவது வாரம் மிளகாயோடு வந்தார்கள். மழைக்காலத்திலும் காயும் என்பதால் வத்தலும் வடகமும் எங்கள் வரப்பெல்லாம் விரிந்தன, பாய்க்கு இடம் பிடிக்கச் சண்டை வந்தது, சண்டையைத் தீர்க்க அம்மா மடையில் நின்றபடியே பஞ்சாயத்து சொன்னாள். கல்யாண ஜோடிகளைப் படம் எடுக்கிறவர்கள் தேனியிலிருந்து வேன் வைத்து வந்தார்கள், அந்த மஞ்சள் வெளிச்சம் வேறெங்கும் கிடைக்காதாம், மாப்பிள்ளையும் பெண்ணும் எங்கள் நெற்கதிருக்குப் பின்னால் நின்று சிரித்தார்கள், ஓரத்தில் மம்பட்டியோடு நிற்கிற அம்மா படத்தில் விழாதபடி படக்காரர் நகர்ந்து நகர்ந்து எடுத்தார். வயலுக்குப் பக்கத்து வீடுகளில் தூங்க முடியவில்லை என்று ஜன்னலுக்குச் சாக்குத் தொங்கவிட்டார்கள். பஸ் கண்டக்டர் எங்கள் நிறுத்தத்தை "வெயில் இறங்கு" என்று கூப்பிடப் பழகினார். எங்கள் வயல் நிறைந்து வடிகிற தண்ணீர், வெயிலின் எல்லையைத் தாண்டியதும் சாதாரணத் தண்ணீராகி, பள்ளத்து வாய்க்கால்கள் வழியாக ஊர் முழுவதும் போய் வெங்காயத்துக்கும் கத்தரிக்கும் பாய்ந்தது. சுற்றிலும் பதினாலு ஊர் காய்ந்து கிடக்க, புங்கமடை பச்சையாக இருந்தது.

எங்கள் வயலில் மட்டும் எதுவும் விளையவில்லை. நெல் பால் பிடித்திருந்த நாள் அது, மூன்று வருடமாகப் பாலாகவே இருந்தது, ஒரு மணியை நசுக்கினால் வெள்ளையாகக் கசியும்.

அம்மாவுக்கும் அதே நாள்தான். அன்று வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து அவளுக்குத் தலைவலி, முறை முடிந்ததும் தலைக்குக் குளித்துவிட்டுப் படுக்க வேண்டும் என்று சீயக்காய் அரைத்து வைத்துவிட்டு வந்திருந்தாள். அந்தத் தலைவலி மூன்று வருடம் இருந்தது. பசி இல்லை, தூக்கம் இல்லை, கால் தண்ணீரில் ஊறி வெளுத்திருக்கும், தலை வலிக்கும். நிழல் போட்டுக் கொடுக்கலாம் என்றால் பந்தலின் நிழல் கல்லின் நிழலைக் குழப்பிவிடும் என்று ஊர் சம்மதிக்கவில்லை. பெண்கள் முறை வைத்து வந்து நெற்றியில் பத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். நான் வெள்ளிக்கிழமைதோறும் பழைய சீயக்காயைக் கொட்டிவிட்டுப் புதிதாக அரைத்து வைத்தேன்.

"போட்டுட்டு வந்துரும்மா" என்று ஒருநாள் சொன்னேன். "தண்ணியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"ஒங்கப்பா செத்த அன்னைக்கு ஒஞ் சித்தப்பனுக ரெண்டு பேரும் என்ன சொன்னாங்ஞ தெரியுமா? பொம்பள மம்பட்டியத் தொட்டா வாய்க்கா தீட்டுன்னாங்ஞ. மூணு சுத்து எம் முறைய எடுத்து அவங்ஞ பாச்சுனாங்ஞ. நாலாஞ் சுத்துக்கு நான் மடையில எறங்கிப் படுத்துக்கிட்டேன். என்னைய மிதிச்சுத் தாண்டித்தான்டா போகணும்னேன். அப்பிடி வாங்குன முறைடி இது. நாஞ் செத்தாலும் கீழ போடமாட்டேன்." பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "சாகவுந்தான் முடியாது போல" என்றாள்.

நிழல் நின்ற அன்று அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. எனக்கு இருபத்தொன்று. இரண்டாவது தீபாவளிக்கு எனக்கு இருபத்து மூன்று ஆகியிருந்தது, அவளுக்கு நாற்பத்து மூன்றுதான். இப்படியே போனால் ஒருநாள் இரண்டு பேருக்கும் ஒரே வயதாகிவிடும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்துப் பயந்தேன். கணக்குதான் நான் படித்தது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் என்று தாசில்தார் கையெழுத்திட்ட சான்றிதழ் இருக்கிறது, அதைக் காட்டித்தான் எனக்கு அணைத் திட்ட அலுவலகத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது.

அந்த அணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊருக்குக் கீழே இரண்டு குன்று நெருங்குகிற இடத்தில் ஒரு நீர்த்தேக்கம் கட்டப்போவதாக நான் பிறப்பதற்கு முன்பே அறிவித்து, தண்ணீர் எதுவரை ஏறுமோ அதுவரை மஞ்சள் கல் நட்டுவிட்டுப் போனார்கள். அணை வரவில்லை. கல் இருந்தது. கல்லுக்குள் இருக்கிற முந்நூற்றுப் பதினாறு வீட்டுக்கும் மச்சு எடுக்க அனுமதி இல்லை, நிலத்தை விற்க முடியாது, முங்கப்போகிற ஊர் என்று பெண் கொடுப்பவர்களும் யோசித்தார்கள். மலைமேல் ஆற்றைத் திருப்பியதும் எங்களுக்கு ஒரே ஒரு ஆறுதல், ஆறே இல்லாத இடத்தில் அணை எதற்கு, திட்டத்தைக் கைவிட்டுக் கல்லைப் பிடுங்கிவிடுவார்கள் என்பது. அதற்கு முன்னால் மூன்று வருடம் அளந்து பார்க்க வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னார்கள். ஆற்று மணலில் அளவுப்பலகையை நட்டால் சாய்ந்தது, அதனால் தண்ணீர் ஓடுகிற ஒரே இடமான வடகிளையில் நட்டார்கள். தினமும் நாலு மணிக்குப் போய்ப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை.

தேதி, நேரம், அளவு, குறிப்பு என்று நாலு கட்டம். நான் அளவு என்ற கட்டத்தில் பதினேழு சென்டிமீட்டர் என்று எழுதினேன். மறுநாளும் பதினேழு. எல்லா நாளும் பதினேழு. குறிப்பு என்ற கட்டத்தை வெறுமனே விட மனம் வராமல், "முறை முடியவில்லை. அம்மா நிற்கிறாள்" என்று எழுதினேன். ஆயிரத்துச் சொச்சம் நாளும் அப்படித்தான் எழுதினேன். நடந்ததை எழுதியிருக்கிறேன், யாராவது படித்து என்ன இது என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். யாரும் கேட்கவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொறியாளர் ஜெபராஜ் சார் வருவார். ஒரே எண்ணாக இருப்பதைப் பார்த்து நான் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றுதான் முதலில் நினைத்தார். குனிந்து பலகையைப் பார்த்தார். பதினேழு. அம்மாவைப் பார்த்து, "என்னம்மா, சௌக்கியமா?" என்றார். "தலவலி சார்" என்றாள் அம்மா. அவர் ஜீப்பிலிருந்து ஒரு மாத்திரையைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்று வருடம் முடிந்த வாரத்தில் அவர் திரும்ப வந்தார். ஜீப்பை விட்டு இறங்காமலே என்னைக் கூப்பிட்டார்.

"அணைக்கு அனுமதி வரப்போகுதும்மா."

"ஆறே இல்லையே சார்?"

"ஆறு இல்ல. ஒன் பதிவேடு இருக்கு. கோடையில பதினேழு, மழையில பதினேழு. இந்த நாட்டுல எந்த ஆத்துக்கும் இப்பிடி ஒரு கணக்கு கெடையாது. நம்பகத்தன்மை நூறு சதவீதம்னு மேல கொண்டாடுறாங்க. வடகிளையில இம்புட்டுன்னா ஆத்துல எம்புட்டுன்னு பெருக்கிப் போட்டுட்டாங்க."

"நான் தப்பா எழுதிட்டேனா சார்?"

"தப்பா எழுதியிருந்தா திருத்திருப்பேனே. சரியா எழுதியிருக்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த மாசம் கடைசியா ஒரு ஆய்வு. அது முடிஞ்சா வீட்டக் காலி பண்ண நோட்டீஸ் வந்துரும்."

ஊர் கூடியது. தலைவி பெருமாயி அத்தை என்னை நடுவில் உட்காரவைத்தாள்.

"ஒரு சைபர் போடு தாயி. என்ன கொறஞ்சு போகுது? வட்டமா ஒரு சுழி."

"ஆய்வுக்கு வந்து பாப்பாங்கல்ல அத்தே."

"பாக்குறப்ப பதினேழு, பாக்காதப்ப சைபர்."

"அது எப்பிடி அத்தே?"

"எம் பேரன் பரீட்சையில அப்பிடித்தான் எழுதுறான். பாஸாகிட்டுத்தான இருக்கான்."

சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் பின்வரிசையில் இருந்து மாயாண்டி சித்தப்பா, "சுத்தி வளைக்காம அந்தப் பொம்பளைய மம்பட்டியக் கீழ போடச் சொல்லுங்க. தண்ணி நின்னுரும், பலக காஞ்சிரும்" என்றார். அம்மாவின் முறையை மூன்று சுற்று எடுத்துப் பாய்ச்சிய இரண்டு பேரில் அவர் ஒருவர்.

"நின்னா ஒன் வெங்காயத்துக்கு நீயா ஒண்ணுக்கு இருந்து பாச்சுவ?" என்றாள் பெருமாயி அத்தை.

தண்ணீர் இருந்தால் ஊர் முங்கும், தண்ணீர் நின்றால் ஊர் காயும், இரண்டுக்கும் நடுவில் அம்மா நிற்க வேண்டும், அவள் நிற்கிறவரை நான் பதினேழு எழுத வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சைபர் எழுத வரவில்லை. ஒருநாள் பென்சிலால் எழுதிப் பார்த்தேன், கை வியர்த்து எண் அழிந்துவிட்டது.

பலகை வடகிளையில் இருக்கிறது. சன்னாசி மாமாவின் வயல் தென்கிளையில் இருக்கிறது. இது எனக்கு ஒரு மாலை பதிவேட்டை மூடும்போது தோன்றியது. மறுநாள் காலை திருப்பூருக்கு பஸ் ஏறினேன்.

சன்னாசி மாமா ஒரு பனியன் கம்பெனி வாசலில் நீலச் சட்டை போட்டு வாட்ச்மேனாக உட்கார்ந்திருந்தார். என் கைகளைப் பார்த்தார்.

"என்ன தாயி, வெறுங்கையோட வந்திருக்க? இந்த மாச அரிசி?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் திரும்பி வந்து மம்பட்டியை வாங்கிவிடக் கூடாது என்பதற்காக ஊர் மூன்று வருடமாக அவருக்கு மாதம் ஒரு சிப்பம் அரிசியும் புளியும் அனுப்பிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாமல் என் ஊர் முழுவதும் சேர்ந்து அதைச் செய்திருந்தது.

"நீங்க வந்திருக்கலாம்ல மாமா."

"வந்தா நெழலு நகரும். நகந்து தண்ணி நின்னுபோச்சுன்னா ஊரே எம் பேரச் சொல்லிக் காறித் துப்பும். வரலேன்னா ஒங்கம்மா ஒருத்திதான் வையும்." அவர் குனிந்துகொண்டார். "ரொம்ப வையுதா?"

"ஒங்களத் திட்டுனதே இல்ல. பஸ்ஸு லேட்டு போலன்னு சொல்லும்."

அவர் வெகுநேரம் கேட்டின் தாழ்ப்பாளைத் திறப்பதும் போடுவதுமாக இருந்தார். முறையைத் தானம் கொடுக்கலாம் என்று எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பெரும்பாலும் பிள்ளை இல்லாதவர்கள் செய்வது. கொடுப்பவர் வாங்குபவரின் உள்ளங்கையில் தண்ணீர் விட வேண்டும், வாங்குபவர் குடிக்க வேண்டும், அந்த முறையில் நிற்கிறவரை அவர் கொடுத்தவரின் வீட்டு ஆள். நான் கையை நீட்டினேன்.

"யோசிச்சியா தாயி? ஒம்பதாவது முறை திருமலையோடது. அவன ஊரு வரவிடாது. எனக்கு அனுப்புன அரிசி இனிமே அவனுக்குப் போகும்."

"யோசிச்சுட்டேன் மாமா."

அவர் கம்பெனி வாசலில் இருந்த இருபது லிட்டர் கேனைச் சாய்த்து என் கையில் தண்ணீர் விட்டார். பிளாஸ்டிக் வாசனை அடித்தது. குடித்தேன்.

ஊருக்குத் திரும்பி, கிளையை மாற்றப்போகிறேன், தண்ணீர் தென்கிளை வழியாக ஊருக்கு வரும், பலகை காய்ந்துவிடும் என்று பெருமாயி அத்தையிடம் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "நின்னுருவியா?"

"நிப்பேன் அத்தே."

என் கன்னத்தைத் தடவினாள். பக்கத்தில் இருந்தவர்களும் தலையைத் தடவினார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் அதைக் கவனித்தேன்.

அன்றைய பதிவேட்டில் பதினேழு என்று எழுதி, குறிப்பில் முழுவதையும் எழுதினேன்: முறை மாறுகிறது, தண்ணீர் தென்கிளைக்குப் போகும், வடகிளையில் இருக்காது, இதற்கு நான் பொறுப்பு. எழுதி முடித்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. செருப்பைக் கரையில் விட்டுவிட்டு மடையில் இறங்கினேன்.

"என் முறை" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். "ஒரே வீட்டுக்குள்ள மாத்தக் கூடாதுடி."

"நான் சன்னாசி மாமா வீட்டு ஆளும்மா. கைத்தண்ணி வாங்கிட்டு வந்துட்டேன்."

"யாருடி ஒன்னைய வாங்கச் சொன்னது?" அவள் மம்பட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "போடி அங்கிட்டு. படிக்க வச்சது இதுல வந்து நிக்கவா?"

"தரமாட்டேன்னு சொன்னா முறைக்காரன மறிச்ச குத்தம்மா. சித்தப்பா மறிச்ச மாதிரி."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அவள் கை அதற்குத்தான் தளர்ந்தது. "ஒங்க தண்ணி" என்றாள், உதடு கோணியது, மம்பட்டி என் கைக்கு வந்தது. பிடி சூடாக இருந்தது. நான் வடகிளையை அடைத்துத் தென்கிளையைத் திறந்தேன், நிழல் ஏழாவது கோட்டைவிட்டு ஒரு நெல் அளவு நகர்ந்தது. எங்கள் வயலின் வெயில் மெதுவாகச் சிவந்தது. அம்மா கரையேறி, கால் மடங்கி உட்கார்ந்து, எழுந்து, மூன்று வருடத்துக்குப் பிறகு வீட்டைப் பார்த்து நடந்தாள். அன்று வெள்ளிக்கிழமைதான். சீயக்காய் அரைத்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

அஞ்சரை மணிக்கு நிழல் எட்டாவது கோட்டைத் தொட்டது. திருமலை அண்ணன் வரவில்லை.

அளவு எடுக்கிற வேலை இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. இங்கே நின்றால் வடகிளையின் பலகை அடிவரை தெரியும், எழுதத்தான் கை ஒழியவில்லை. மறுநாள் அம்மா பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள், ஈரத் தலையில் துண்டு கட்டியிருந்தாள். எழுதத் தெரியாத அவளுக்கு ஒரு எண் மட்டும் போதுமாக இருந்தது. சுழி போட்டாள், முட்டை மாதிரி வந்தது.

ஆய்வுக்கு ஜெபராஜ் சார் வந்தார். காய்ந்த பலகையைத் தொட்டுப் பார்த்தார். பாறையில் உட்கார்ந்து பதிவேட்டை எடுத்து, முதன்முதலாகக் குறிப்பு என்ற கட்டத்தைப் படிக்க ஆரம்பித்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார். பிறகு என் கால் முங்கி நிற்கிற தென்கிளையைப் பார்த்தார். ஜீப்பில் இன்னொரு அளவுப்பலகை கிடந்தது, எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

"இதுல எவ்வளவும்மா இருக்கும்?"

"பதினேழு இருக்கும் சார்."

அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "தண்ணிச் சத்தத்துல கேக்கலம்மா" என்றார். கெண்டைக்காலுக்கு எட்டாத தண்ணீருக்குச் சத்தம் ஏது. நான் இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர் ஜீப்பை எடுத்துவிட்டார்.

திட்டம் நிறுத்திவைக்கப்பட்டிருப்பதாகக் கடிதம் வந்தது. கைவிடப்பட்டதாக அதில் இல்லை. மஞ்சள் கல் நட்ட இடத்திலேயே இருக்கிறது. எங்கள் நெல் முற்றி அறுவடையாகிவிட்டது, கல்யாண ஜோடிகள் இப்போது சன்னாசி மாமா வயலின் அஞ்சரை மணி வெளிச்சத்துக்கு வருகிறார்கள், இது இன்னும் அழகாக இருக்கிறதாம், நான் விழாதபடி படக்காரர் நகர்ந்துகொள்கிறார். அம்மாவுக்கு முன்நெற்றியில் நரை வந்துவிட்டது. வயதில் அவளை நெருங்கி அவளிடமிருந்து எடுத்துக்கொண்ட மூன்று வருடத்தை நான் நின்று நின்று திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அது தீர்ந்த பிறகும் நின்றுகொண்டிருப்பேன் என்று தோன்றுகிறது.

"இன்னைக்கும் சுழியா?" என்பாள்.

"சுழிதாம்மா."

போடுவாள். பிறகு கடைசிக் கட்டத்தைப் பார்த்து நிற்பாள். முதல் நாள், "இதுல என்ன எழுதுவ?" என்று கேட்டாள். "முறை முடியல, அம்மா நிக்கிறான்னு எழுதுவேன்" என்றேன். மறுநாள் அவள் ரேஷன் கடையிலிருந்து மை டப்பாவை வாங்கி வந்தாள். அன்றிலிருந்து தினமும் குறிப்பு என்ற கட்டத்தில் பெருவிரலை அழுத்தி, ரேகை சரியாக விழுந்திருக்கிறதா என்று அஞ்சரை மணி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாள்.